புளியமரத்து ஆடிட்டோரியம்

கடைசி வரிசையில் செல்போனை மேசைக்கு அடியில் வைத்துப் பார்க்கிற தம்பி, உங்களைத்தான். பெஞ்சுக்கு அடியில் ஒளித்துப் புளியங்காய் தின்கிறவர்களைப் பிடித்துப் பிடித்தே ஓய்வு பெற்றவள் நான். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உள்ளே வையுங்கள்.

உங்களுக்கெல்லாம் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷம். கற்பிக்கும் முறைகள் பற்றிக் காலையிலேயே ஒருவர் திரையில் அம்புக்குறி போட்டு விளக்கிவிட்டாராம். எனக்குத் திரையெல்லாம் வேண்டாம். அம்புக்குறி என்றாலே எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் மாரண்டஹள்ளிக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அரசு உயர்நிலைப்பள்ளியில் எனக்கு முதல் வேலை. நான் தர்மபுரி டவுன்காரி. வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ். எனக்கு வாய்த்த பிள்ளைகளுக்கோ வீட்டில் பாதிப் பேருக்குக் கன்னடம், மீதிப் பேருக்குத் தெலுங்கு, சண்டை போட மட்டும் தமிழ். இந்த லட்சணத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆங்கிலம் படிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு ஒருநாள் "ஆடிட்டோரியம்" என்ற வார்த்தை வந்தது. கடைசியில் "அம்" என்று லத்தீன் வால் வைத்த வார்த்தை. அந்த வால் ஒட்டிய வார்த்தைகளில் பல, ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கி வைத்த இடத்தைக் குறிக்கும். கேட்பதற்கான இடம் ஆடிட்டோரியம். மீன் வளர்க்கிற இடம் அக்வேரியம். உடம்பு தேறுகிற இடம் சானடோரியம். உடற்பயிற்சி செய்கிற இடம் ஜிம்னாசியம். இந்தக் கடைசி வார்த்தையின் வேரைத் தோண்டிக்கொண்டு போனால் அந்தக் காலத்தில் உடுப்பே இல்லாமல் பயிற்சி செய்த இடம் என்று வரும். அதை நான் பத்தாம் வகுப்பில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

பலகையில் எழுதிப் போட்டேன், ஒப்பித்தார்கள், மறுநாள் மறந்தார்கள். மறக்காமல் என்ன செய்வார்கள்? அவர்கள் பார்த்ததில் பெரிய கட்டடம் மாரண்டஹள்ளி சினிமாக் கொட்டகை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு யோசனையும் வரும், அதுதான் என் கெட்ட பழக்கம். "சரி, நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இதெல்லாம் எங்கே இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்று அவிழ்த்து விட்டேன்.

கண்டுபிடித்தார்கள் பாருங்கள்! பத்தாம் வகுப்புக்கு அறை கிடையாது, புளியமரத்தடிதான் வகுப்பு. நான் கத்துவதை அவர்கள் கேட்கிற இடம் என்பதால் புளியமரம் ஆடிட்டோரியம் ஆனது. ஆடு மேய்கிற மைதானம் ஸ்டேடியம். மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல் தொட்டி அக்வேரியம். உடைந்த பெஞ்சு போட்டு வைத்த கொட்டில் மியூசியம். பி.டி. மாஸ்டர் கயிறு தொங்கவிட்டிருந்த வேப்பமரம் ஜிம்னாசியம். எங்கள் ஹெச்.எம். அறையில் எப்போதும் தைலவாடை அடிக்கும், அது சானடோரியம். ஆசிரியர்கள் அறைக்கு "அசைலம்" என்று வைத்தார்கள், அதாவது பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அடைக்கலம் தரும் இடம் என்றும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று மற்ற ஆசிரியர்களை நான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. சயின்ஸ் சார் மட்டும் சமாதானம் ஆகவில்லை.

மிச்சம் இருந்தது கிரிமடோரியம். பிணம் எரிக்கிற இடம். கேட்டவுடனே வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "சத்துணவுக் கூடம் டீச்சர்!" என்றது. சமையல்காரம்மா மாதம்மாள் அடுப்பில் தினமும் ஏதாவது ஒன்று கருகும். ஒருநாள் சோறு, ஒருநாள் பருப்பு, விசேஷ நாளென்றால் இரண்டும். மாதம்மாளின் மகள் நாகரத்தினா என் வகுப்பில்தான் இருந்தாள், படிப்பில் முதல் ஆள். அவளும்தான் கையைத் தூக்கினாள்.

உடைந்த பெஞ்சுப் பலகைகளில் டிராயிங் மாஸ்டர் வெள்ளை பெயிண்டில் அழகாக எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை மாட்டினோம். மாதம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் அடுப்படிக்கு இத்தனை நீளமாக இங்கிலீஷ் பெயர் வைத்ததில் அவளுக்கு ஒரே பெருமை. வெள்ளிக்கிழமை பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"டீச்சரம்மா, இதுக்கு என்னாங்க அர்த்தம்?"

"நெருப்பு எரியற எடம், மாதம்மா."

"அட, சரியாத்தான் வச்சிருக்கீங்க."

பொய்யா சொன்னேன்? பிணத்தை மட்டும்தான் விட்டுவிட்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. ஓசூருக்குப் போய் வந்த ஒருவன், "டவுன்ல எல்லாம் ரோட்டோரம் அம்புக்குறி போட்டு எது எந்தப் பக்கம்னு எழுதியிருக்காங்க டீச்சர்" என்றான். டிராயிங் மாஸ்டருக்கு மிச்ச பெயிண்ட் இருந்தது. பள்ளி வாசலில், ரோட்டைப் பார்த்து, பெரிய பலகை. ஆடிட்டோரியம் இடப்பக்கம். ஸ்டேடியம் நேராக. ஜிம்னாசியம், மியூசியம், அக்வேரியம் வலப்பக்கம். வார்த்தைகளைப் பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் படித்தார்கள். மனப்பாடமே ஆகிவிட்டது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாத குறை. புடவைக்குக் காலர் இல்லை.

இப்போது வம்புக்கு வருகிறேன். அந்த ஊரில் பத்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க பாலக்கோட்டுக்கு பஸ் ஏற வேண்டும். ஆண்பிள்ளைகள் ஏறினார்கள். பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். பத்தாவது முடிந்த கையோடு மாமன் வீட்டிலிருந்து தாம்பூலத் தட்டு வந்துவிடும். பதினொன்றாம் வகுப்பை எங்கள் பள்ளியிலேயே தொடங்க வேண்டுமென்றால் அரசாங்கம் இரண்டு அறை கட்டித் தர வேண்டும். ஊரே சேர்ந்து மனுக் கொடுத்து, கொடுத்து, கடைசியில் அந்த வருஷம் எங்கள் முறை வந்திருந்தது.

தர்மபுரியில் தலைமையாசிரியர்கள் கூட்டத்துக்குப் போன எங்கள் ஹெச்.எம்., சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கினார். தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, மேலதிகாரி எதிரில் அவர் வாயில் "ஆமாங்கய்யா" தவிர வேறு வார்த்தை வராது.

"என்ன சார் ஆச்சு?"

"கல்வி அதிகாரி போன வாரம் ஜீப்ல நம்ம ஊர் வழியா போனாராம் டீச்சர். வாசல்ல போர்டைப் படிச்சிருக்காரு. கூட்டத்துல என்னை எழுப்பி நிக்க வச்சு, 'ஆடிட்டோரியம், ஸ்டேடியம், மியூசியம், இதெல்லாம் இருக்குதா உங்க பள்ளியில?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்கய்யான்னுட்டேன்."

"சார்!"

"எல்லாரும் கை தட்டிட்டாங்க டீச்சர். அப்புறம் எப்படிங்க இல்லைன்னு சொல்றது? 'இத்தனை வசதி இருக்கற ஊருக்கு ரெண்டு ரூம் எதுக்கு, இல்லாத ஊருக்குக் குடுத்துடலாமே'ன்னாரு. அதுக்கும் ஆமாங்கய்யான்னுட்டேன்."

"கிழிஞ்சுது."

"வர்ற வாரம் நேர்ல வந்து ஒருதரம் பார்த்துட்டு முடிவு பண்றாராம்."

எனக்கு உயிர் வந்தது. வரட்டும், வந்து பார்க்கட்டும், புளியமரத்தைப் பார்த்தால் தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். பலகைகளைக் கழற்ற வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், நம் பஞ்சத்தைப் பஞ்சமாகவே காட்டினால் போதும் என்று ஹெச்.எம்மிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஆமாங்கம்மா என்றார்.

ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் அந்தக் காலத்தில் ஊர்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளையடிப்பார்கள். இல்லாததை இரவல் வாங்கி வைப்பார்கள். பக்கத்துப் பள்ளியின் பூகோள உருண்டை, கல்யாண மண்டபத்து நாற்காலி, தபால் ஆபீஸ் கடிகாரம் எல்லாம் வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போகும். அதிகாரிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், மரியாதைக்காக எல்லோரும் தெரியாதது போல் இருப்பார்கள். பஞ்சாயத்துத் தலைவர் திம்மராயனுக்கு விஷயம் எட்டியது. மறுநாள் காலை வண்டி நிறையத் தக்காளிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

"என்னங்க இது?"

"ஸ்டேடியத்துக்கு கேலரி வேணுமில்லீங்களா? அடுக்கிட்டா ஜோரா இருக்குமுங்க."

"தலைவரே, கொஞ்சம் கேளுங்க. நம்மகிட்ட ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் அவர் ரூம் குடுப்பாரு. இருக்கற மாதிரி காட்டினா வேற ஊருக்குப் போயிடும்."

"அது எப்படிங்க டீச்சரம்மா, வூடு தேடி வர்ற மனுசன் எதுக்க எங்கூர்ல ஒண்ணுமே இல்லன்னு காட்டறது? மானம் போயிடாதா? நாளைக்கு எங்கூருக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?"

"ரூம் வேணுமா வேணாமா?"

"ரூமு வேணுமுங்க. மானமும் வேணுமுங்க."

இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேசுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் சுவரில் வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்ட ஊரே திரண்டு வரும் தம்பிகளா. இல்லாததை இல்லை என்று காட்டக் கூப்பிட்டுப் பாருங்கள், ஒரு ஈ காக்கை வராது.

அன்று மதியம் மாதம்மாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். புகையில் அவள் முகமே தெரியவில்லை.

"டீச்சரம்மா, ரூமு வருமா, வராதா? ஒளிக்காம சொல்லுங்க."

"தெரியல மாதம்மா."

"எங்கண்ணன் மவனுக்கு நாகரத்தினாவக் கேட்டுட்டாங்க. இந்தப் புள்ளயோட அப்பன் என்னா சொல்லியிருக்கான் தெரியுமுங்களா? இங்கயே பதினொண்ணு வந்தா படிக்கட்டும், பாலக்கோட்டு பஸ்ஸுல ஏத்தமாட்டேன்னுட்டான். அந்தப் பையன் நல்ல பையந்தான். ஆனா இது அழுவுதுங்க. ராத்திரில புஸ்தகத்த மூஞ்சி மேல போட்டுக்கினு அழுவுது."

 நான் போட்ட அம்புக்குறி அந்தப் பெண்ணின் கழுத்துக்கு நேராக நின்றது. ஏதாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

அதிகாரி வந்தார். ஐப்பசி மாதம், மதியத்துக்கு மேல். உயரமான மனுஷர், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. மேளம் அடித்தார்கள். ஹெச்.எம். மாலை போட்டார். திம்மராயன் அவர் பங்குக்கு இன்னொரு மாலை போட்டார். சுற்றிக்காட்டுகிற படலம் தொடங்கியது. நான் பின்னாலேயே போனேன், பிணத்துக்குப் பின்னால் போகிற மாதிரி.

ஸ்டேடியத்தில் தக்காளிப் பெட்டி கேலரி. அதில் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, மைதானத்தில் ஒன்றும் நடக்காதபோதே கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிம்னாசியத்தில் திம்மராயன் தோட்டத்து ஆள் ஒருவர் ஆட்டுக்கல்லைத் தூக்கிக் காட்டினார். தூக்கிவிட்டார், இறக்கத் தெரியவில்லை. நாங்கள் நகர்ந்த பிறகும் தூக்கியபடியே நின்றார்.

மியூசியத்தில் உடைந்த பெஞ்சுகளைப் பட்டுப்புடவை போட்டு மூடி, மேலே பொருள்கள் வைத்திருந்தார்கள். துருப்பிடித்த வாள், குழாய் வைத்த கிராமபோன், திருவிழா மாட்டின் கொம்புப் பூண், நடுவில் ஒரு கிண்ணத்தில் பல்செட்.

"இது யாருடையது? பழங்கால அரசருடையதா?" என்று அதிகாரி குனிந்து பார்த்தார்.

"எங்க மாமனாருதுங்க" என்றார் திம்மராயன். "கேலரில ஒக்காந்திருக்காருங்க. நீங்க போனதும் குடுத்துடணும்."

அக்வேரியத்தில் ஏரி மீன்கள் விட்டிருந்தார்கள். நாங்கள் போன நேரம் பார்த்து, வழக்கமாக அந்தத் தொட்டியில் தண்ணீர் குடிக்கிற எருமை வந்து தலையை உள்ளே விட்டது. மீனெல்லாம் துள்ள, தண்ணீர் அதிகாரியின் சட்டையில் தெறித்தது. பி.டி. மாஸ்டர் விசில் ஊதி எருமையை வெளியேற்றினார்.

இதைப் பார்த்து அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டுமா இல்லையா? வந்திருந்தால் நான் ஏன் இங்கே கதை சொல்லப்போகிறேன்! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நெகிழ்ந்து போய்ச் சொன்னார்.

"பிரமாதம் தலைவரே! அரசாங்கத்தை எதிர்பார்க்காம ஊரே சேர்ந்து இத்தனை செஞ்சிருக்கீங்க. இப்படி ஒரு ஊர் இருந்தா அரசாங்கமே தேவையில்லை. அந்த ரெண்டு ரூமை நான் கண்ணை மூடிக்கிட்டு வேற ஊருக்குக் குடுப்பேன். நீங்களே கட்டிக்குவீங்க!"

ஹெச்.எம். வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். மூடிக்கொண்டார். திம்மராயன் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் மாலை போட்டு, மேளம் அடித்து, மாமனார் பல்லைக் காட்டிய பிறகு அவர் எந்த வாயால் இல்லை என்பார்?

கடைசி இடம் ஆடிட்டோரியம். புளியமரத்துக்கு அடியில் ஷாமியானா கட்டி, அதன் கீழே என் வகுப்பை உட்கார வைத்திருந்தார்கள். "ஒரு அஞ்சு நிமிஷம், பிள்ளைங்களப் பார்த்துட்டுக் கிளம்பறேன்" என்றார் அதிகாரி. டிரைவர் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினான்.

உண்மையை நான் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உடைத்தால் ஹெச்.எம். கூட்டத்தில் பொய் சொன்னவர் ஆவார், தலைவர் நாடகம் போட்டவர் ஆவார். பொய் சொன்ன ஊருக்கு எந்த அதிகாரியும் ரூம் தர மாட்டார். அவருக்கே தானாகத் தெரிய வேண்டும். எப்படி? அப்படி யோசித்துக்கொண்டு மேற்கே பார்த்தேன். பெட்டமுகிலாளம் மலை மேல் கறுப்பாக மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த மேகத்தை எனக்குத் தெரியும். ஐப்பசி முழுக்க அது சாயங்காலம்தோறும் என் வகுப்பைக் கெடுத்திருக்கிறது. மலையில் கறுத்தால் அரைமணிக்குள் எங்கள் தலையில் கொட்டும். மழை வந்தால் அறையில்லாத வகுப்பு என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டாம், மழையே சொல்லும். அதுவரை இந்த மனுஷனைக் கிளம்பவிடக் கூடாது.

"ஐயா, இடத்தைக் குறிக்கற அந்த வார்த்தைங்க எல்லாம் பிள்ளைங்களுக்கு அர்த்தத்தோட தெரியும். ஒவ்வொண்ணா சொல்வாங்க. தயவுபண்ணி உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். நாகரத்தினா எழுந்து ஆடிட்டோரியம் என்றாள், அர்த்தம் சொன்னாள். அடுத்தவன் ஸ்டேடியம். அடுத்தவள் அக்வேரியம். "மெதுவா, நிறுத்தி நிதானமா, திருப்பி ஒருதரம்" என்று நான் ஒவ்வொருவரையும் இரண்டு முறை சொல்ல வைத்தேன். வேகமாகச் சொல் என்று தினமும் உயிரை வாங்குகிறவள் இன்று மெதுவாகச் சொல்லச் சொல்கிறாளே என்று பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள்.

மேகம் பாதி வழியில் நின்றது. வார்த்தை தீர்ந்தது. கிரிமடோரியத்தை மட்டும் நான் வேண்டுமென்றே தாண்டிவிட்டேன், மாதம்மாள் காதில் விழும் தூரத்தில் அதிகாரிக்கு கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லது" என்று அதிகாரி எழுந்தார்.

"இன்னும் இருக்குங்கய்யா! மீடியம்! பிரீமியம்! போடியம்!" என்று நானே கத்தினேன். அவர் அரை மனதோடு உட்கார்ந்தார். அதுவும் தீர்ந்தது.  அசைலம் என்று பெயர் வைத்ததற்காக இன்னும் என்னோடு பேசாத சயின்ஸ் சார் அப்போது மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார், அந்தப் புண்ணியவான். முன்னால் வந்து, "சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம்" என்று வகுப்பைச் சொல்ல வைத்தார்.

"இதெல்லாம் இடமா சார்?" என்றார் அதிகாரி.

"வால் அதேதானுங்களே. அலுமினியம்! ஹீலியம்! ரேடியம்!"

"போதும், போதும்." அதிகாரி எழுந்தேவிட்டார். டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான். "வேற யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று நான் கெஞ்சுகிற குரலில் கேட்டேன். கடைசி வரிசையில் ஒருவன் கையைத் தூக்கி, "வானம் டீச்சர்!" என்றான். அது தமிழாச்சே என்று அதிகாரி சிரித்தார். சிரித்த வாயில் முதல் சொட்டு விழுந்தது.

அப்புறம் பாருங்கள் கூத்தை. இடி இடித்தது. அந்த மழை ஊற்றவில்லை, கவிழ்த்தது. ஷாமியானா தண்ணீரைத் தாங்கி வயிறு பெருத்து, கயிறு அறுந்து, திம்மராயன் தலைமேல் இறங்கியது. அதன் அடியிலிருந்து கன்னடத்தில் ஏதோ கேட்டது, மொழிபெயர்க்க மாட்டேன். ஸ்டேடியத்தில் தக்காளிப் பெட்டிகள் சரிந்தன. ஓட்டு வகுப்பறைகளில் ஏற்கெனவே கீழ் வகுப்புகள் நெருக்கியடித்து நின்றன. மழை வந்தால் பத்தாம் வகுப்பு எங்கே ஓடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மொத்தமாக ஓடினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட அதிகாரியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் காலே தரையில் பாவியிருக்காது.

நானும் ஹெச்.எம்மும் போய்ச் சேர்ந்தபோது, சத்துணவுக் கூடத்தில் ஆளுக்கு மேல் ஆள். ஒரே புகை. அதிகாரி அரிசி மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவில், மாலையோடு, ஒரு கால் தூக்கி நின்றார். இன்னொரு காலை வைக்க இடமில்லை. மாதம்மாள் பானைகளை ஒதுக்கி, "இப்டி வாங்கடா, அடுப்புல விழாதீங்கடா" என்று பிள்ளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி இருமிக்கொண்டே, "இது என்ன இடம்?" என்றார்.

அவர் ஹெச்.எம்மைத்தான் கேட்டார். ஆனால் நான் பழக்கி வைத்த வகுப்பு, கேள்வி கேட்டால் சும்மா இருக்குமா? மொத்தமும் ஒரே குரலில் பதில் சொன்னது.

"கிரிமடோரியம் சார்! கிரிமடோரியம் ஈஸ் எ பிளேஸ் வேர் டெட் பாடீஸ் ஆர் பர்ன்ட் சார்!"

மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உச்சரிப்பில் ஒரு பிசகில்லை.

"என்னாங்கய்யா சொல்லுதுங்க புள்ளைங்க?" என்று மாதம்மாள் அதிகாரியைக் கேட்டாள்.

நான் கண்ணைக் காட்டினேன். புகையில் அவருக்கு எங்கே தெரியும்! "சுடுகாடுன்னு சொல்றாங்கம்மா" என்றார்.

மாதம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் கையில் கேசரிக் கரண்டி. நான் ஹெச்.எம்முக்குப் பின்னால் போனேன்.

"சுடுகாடா? எங்கடுப்புக்கா? மஞ்சாக் குங்குமம் வச்சனேடி பாவி!" அதிகாரி எதிரில் என்னை "டி" போட்டுக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். கரண்டி ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே அதிகாரி பக்கம் திரும்பியது.

"சுடுகாடுன்னே வச்சிக்கங்கய்யா. இந்தச் சுடுகாட்ட வுட்டா எம் புள்ளைங்களுக்கு மழைக்கு ஒதுங்க வேற எடமே இல்லீங்க. மரத்தடியில படிக்குது, மழ வந்தா இங்க ஓடி வருது. எம் பொண்ணு புஸ்தகத்தப் பாருங்க, எப்புடி ஊறிக் கெடக்குது. ஊருகாரனுவ துணி கட்டி, பல்லு காட்டி ஒங்கள ஏமாத்திட்டானுவ. ரூமு குடுக்கமாட்டேன்னா இவளக் கட்டிக்குடுத்துருவாங்க. இவ படிப்பயும் இங்கயே எரிச்சுட்டுப் போங்க!"

 நாகரத்தினா தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தைத் தாவணியில் துடைத்தாள். தூக்கிய காலை அதிகாரி மெதுவாக ஒரு பானைமேல் வைத்தார்.

"ஹெச்.எம்., இந்தம்மா சொல்றது நிஜமா? பத்தாம் வகுப்புக்கு ரூமே கிடையாதா?"

எங்கள் ஹெச்.எம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்கய்யா" என்றார். அவர் ஆயுசிலேயே சரியான இடத்தில் சொன்ன ஆமாங்கய்யா அது.

மழை விடும்வரை அதிகாரி அங்கேயே நின்றார். மாதம்மாள் கேசரி கொடுத்தாள். அடிப்பிடித்த கேசரி. சாப்பிட்டார். போகும்போது, "வாசல் போர்டைக் கழட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கிடைக்குமா கிடைக்காதா என்று அன்று யாருக்கும் தெரியாது. அவர் போனதும் நாங்கள் எல்லோரும் மாதம்மாளிடம் திட்டு வாங்கினோம்.

கிடைத்தது. தை முடிவதற்குள் உத்தரவு வந்தது. திம்மராயன் கொத்தனாருக்குப் பக்கத்திலேயே குடை பிடித்து நின்று கோடைக்குள் இரண்டு அறையையும் எழுப்ப வைத்தார். நாகரத்தினா அப்பன் சொன்ன சொல் தவறவில்லை. ஜூனில் ஓர் அறைக்குப் பத்தாம் வகுப்பு குடிவந்தது, இன்னொன்றில் அவள் பதினொன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாதம்மாள் மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சமாதானத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த பூவை எருமைக்குப் போட்டாள்.

ஆவணியில் ஒரு மதியம், புது அறையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து மழை இறங்கியது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், பாடத்தைத் தொடர்ந்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜன்னல் மட்டும் சரியாகச் சாத்தாமல் இருந்தது. அதில் மாதம்மாளின் முகம் தெரிந்தது. தலைக்கு ஒரு தட்டுகூடப் பிடிக்காமல் தொப்பலாக நனைந்து நின்றாள்.

"என்ன மாதம்மா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

அத்தனை மாசத்துக்கு அப்புறம் என்னிடம் பேசினாள்.

"மழ வந்துச்சேன்னு பானையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டுப் பாத்துக்கினே நின்னேன் டீச்சரம்மா. ஒருத்தரும் வரலயே."

  முதல் பெஞ்சில் நாகரத்தினா பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவளுக்கு வெட்கம்.

"போம்மா வூட்டுக்கு" என்றாள். "நனையுற பாரு."